எச்.பி.வி. பொசிட்டிவ், பாப் இயல்பு: அக்காவுக்குப் புற்றுநோயா?

எச்.பி.வி. பொசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. மூதூரிலுள்ள உங்கள் அக்காவின் அறிக்கை, கருப்பைக் கழுத்தில் உடலுறவால் பரவும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறது, ஆனால் பாப் எனும் கலப் பரிசோதனையில் கலங்களில் மாற்றம் தென்படவில்லை என்பதையே காட்டுகிறது. இத்தகைய தொற்றுகளில் பெரும்பாலானவை 2 ஆண்டுகளுக்குள் தாமாகவே நீங்கிவிடும்.

நீங்கள் கேட்டபடி அத்தானைச் சந்தேகிக்க இது ஆதாரமாகாது. இவ்வைரஸ் பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் இருக்கக்கூடியது என்பதால், எப்போது, யாரிடமிருந்து தொற்றியது என்று எந்த மருத்துவராலும் கூற முடியாது. (ஊர்வாய் மட்டும் கூறும்.)

அறிக்கையில் வைரஸின் வகை 16 அல்லது 18 (புற்றுநோய் அபாயம் கூடிய வகைகள்) என்று குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். இருந்தால், பாப் இயல்பாக இருந்தாலும் கொல்போஸ்கோப்பி (கருப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) தேவை; சுகாதார வைத்திய அதிகாரியிடம் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். வேறு வகையெனில், வழக்கமாக ஓராண்டில் மறுபரிசோதனை செய்வார்கள்.

உடலுறவின் பின்னரோ மாதவிடாய் முற்றாக நின்ற பின்னரோ இரத்தம் பட்டால், அந்த ஓராண்டுக் கணக்கு பொருந்தாது, உடனே காட்டுங்கள்.