மகள் தப்பாகப் பாடுகிறாள்

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாகப் புத்தகங்களின் துணையோடு இசையின் அடிப்படைகளை நானே கற்றுவருகிறேன். ஸ்கேல் என்ற சுர வரிசை, பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு, தாளக் கணக்கு எல்லாம் ஓரளவு புரிந்துவிட்டன. இதுவரை பன்னிரண்டு மெட்டுகள் அமைத்திருக்கிறேன். விதிகளை மீறவில்லை. பெரிய தாவலுக்குப் பின் எதிர்த்திசையில் படிப்படியாகத் திரும்புகிறேன், உச்ச சுரத்தை ஒரே ஒருமுறைதான் தொடுகிறேன், சலிப்புத் தட்டாமலிருக்க ஒவ்வொரு பாரிலும், அதாவது ஒவ்வொரு தாளக் கட்டத்திலும், புதிதாக ஒன்றை வைக்கிறேன். கேட்பவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மறுநாள் ஒருவருக்கும் நினைவில்லை. மனதில் நிற்கும் மெட்டுக்கு ஏற்றது மேஜர் ஸ்கேலா, மைனர் ஸ்கேலா? எந்தக் கார்டு வரிசை? இன்னும் நல்ல மென்பொருள் வாங்க வேண்டுமா? அல்லது இதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டியதா?

பி.கு.: என் பத்து வயது மகள் மட்டும் ஒரு மெட்டை முணுமுணுப்பாள். அதையும் தப்பாகவே பாடுகிறாள். எத்தனை முறை திருத்தியும் பயனில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் உருப்படியான வரி பின்குறிப்பில்தான் இருக்கிறது. ஒருவருக்கும் நினைவில்லை என்று மேலே எழுதிவிட்டு, ஒரு குழந்தை உங்கள் மெட்டைப் பாடிக்கொண்டு வீட்டில் வளையவருகிறது என்று கீழே புகார் சொல்கிறீர்கள். முதல் காரியமாக அந்தக் குழந்தையைத் திருத்துவதை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

கேள்விகளை முடித்துவிடுகிறேன். மேஜரிலும் மறக்க முடியாதவை உண்டு, மைனரிலும் உண்டு. குப்பையும் இரண்டிலும் உண்டு. ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களோடு தொடங்கினால் அரைச்சுர நெருக்கம் இருக்காது, வாய்க்கு எளிது, அவ்வளவுதான். மென்பொருள் வேண்டாம். பிறவித் திறமையைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வேலையைத் தள்ளிப்போடக் காரணம் தேடுகிறவர்கள்; பன்னிரண்டு மெட்டுப் போட்டவருக்கு அந்தக் கேள்வி எதற்கு? தாவினால் திரும்ப வேண்டும் என்ற விதியை வேதமாக்காதீர்கள். தாவியவர் பெரும்பாலும் குரலின் எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். அங்கிருந்து திரும்பி வராமல் வேறெங்கே போவார்?

கார்டு வரிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி 1824-இல் வியன்னாவில் அரங்கேறியது. அதன் கடைசிப் பகுதியில் வரும் மெட்டை இசை படிக்காதவர்களும் பாடுவார்கள். அது முதன்முதலாக முழுதாக ஒலிக்கும்போது கீழே கார்டு என்று ஒன்றுமே கிடையாது. செல்லோ, டபுள் பேஸ் என்ற தாழ்ந்த குரல் தந்தி வாத்தியங்கள் மெட்டை மட்டும், தணிவாக, தனியாக வாசிக்கின்றன. க க ம ப, ப ம க ரி, ச ச ரி க, க ரி ரி. ஒரு தாவல்கூட இல்லை. இந்த வரி ரி-யில் வந்து அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த வரி ஏறக்குறைய இதேதான், ஆனால் ச-வில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மூன்றாவது மட்டும் புதிது. நான்காவது மறுபடியும் இரண்டாவதுதான். மூன்றாம் வரியின் முடிவில் ஒருமுறை கீழ் ப-வைத் தொடுவதைத் தவிர, மொத்த மெட்டும் ச முதல் ப வரையிலான ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. பீத்தோவனுக்குச் சுரப் பஞ்சமா என்ன? ஒவ்வொரு பாரிலும் புதிதாக ஒன்றை வைக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நோய் அதுதான்.

எனக்கும் இருந்த நோய். பத்தொன்பது வயதில் எட்டு பாரில் ஒரு மெட்டு அமைத்தேன். ச-வில் தொடங்கி ஒரே எட்டில் மேலே நி-க்குத் தாவும். அந்தத் தாவலை நினைத்து நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை. இரண்டாம் பாரில் பொடிச் சுரங்களாக ஓர் ஓட்டம். மூன்றிலும் நான்கிலும் வேறு வேறு தாளம். தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்து மூன்று முறை வாசித்துக் காட்டினேன். ‘நன்றாக இருக்கிறது அண்ணா’ என்று எழுந்து போய்விட்டாள். நான்கைந்து நாள் கழித்து, அடுத்த அறையில் துணி மடித்தபடி அவள் எதையோ முணுமுணுப்பது கேட்டது. என் மெட்டுதான், அங்கங்கே எலி கடித்த மாதிரி.

‘அது நி, ப அல்ல’ என்று போய் நின்றேன். பாடச் சொன்னேன். மறுபடியும் ப-வையே பாடினாள். ஆர்மோனியத்தை எடுத்துவந்து கட்டையை அழுத்திப் பிடித்துக் காட்டினேன். கண்ணில் நீர் முட்ட, ‘நான் இனிமேல் பாடவில்லை, போ’ என்றாள். பிறகு பாடவுமில்லை.

அவள் செய்த திருத்தங்களை நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது பல வருடங்களுக்குப் பிறகுதான். ச-வும் ப-வும் ஒன்றோடொன்று இழையும் சுரங்கள். அந்த இடைவெளியை யாரும் சொல்லிக்கொடுக்காமலே தொண்டை கண்டுபிடித்துவிடும். ச-விலிருந்து நேராக மேல் நி-யைப் பிடிக்கப் பயிற்சி பெற்றவரே ஒரு கணம் தயங்குவார். என் ஓட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரே சுரத்தை நீட்டியிருந்தாள். மூச்சு வாங்க அவளுக்கு அங்கே இடம் தேவைப்பட்டது. மூன்றாம், நான்காம் பார்களை அடியோடு மறந்துவிட்டு, முதலிரண்டையே திரும்பப் பாடினாள். முதல் தடவை ரி-யில் நிறுத்தி, இரண்டாம் தடவை ச-வில் முடித்தாள். கேள்வியும் பதிலும். மெட்டமைப்பைச் சொல்லித்தரும் புத்தகங்கள் தொடக்கத்திலேயே சொல்லும் பாடம் இது. அந்தப் பாடத்தை அடிக்கோடிட்டுப் படித்தவன் நான். அவள் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. அந்த மூன்றாம், நான்காம் பார்களில் நான் அப்படி என்னதான் வைத்திருந்தேன் என்று இப்போது எனக்கே தெரியாது.

தப்பாகப் பாடுவதற்கும் ஒரு திசை இருக்கிறது என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நோரி ஜாக்கபி, ஜோஷ் மெக்டர்மாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தாறுமாறான இடைவெளிகள் கொண்ட ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டு, கேட்பவரை அப்படியே தட்டச் சொன்னார்கள். அவர் தட்டியதையே அவருக்குத் திரும்ப ஒலிக்கவிட்டு, மறுபடியும் தட்டச் சொன்னார்கள். சில சுற்றுகளிலேயே இடைவெளிகள் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்பது போன்ற சிறிய முழு எண் விகிதங்களை நோக்கி வந்துவிட்டன. அமெரிக்கர்களிடமும் நடந்தது, பொலிவியாவின் மழைக்காட்டில் வாழும் சிமானே மக்களிடமும் நடந்தது. எந்தெந்த விகிதங்கள் என்பதில் மட்டும் அவரவர் இசைக்கேற்ப வேறுபாடு. உங்கள் மகளின் தலைக்குள்ளும் அந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது, நண்பரே. கூலி கேட்காத ஆசிரியர் ஒருவர் உங்கள் மெட்டைச் செப்பனிட்டுத் தருகிறார், நீங்கள் அவர் கையைத் தட்டிவிடுகிறீர்கள்.

அதற்காக அவள் பாடுவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். அப்படியே விட்டால் எல்லா மெட்டும் தேய்ந்து ஒரே கூழாங்கல்லாகிவிடும். மேலே சொன்ன பீத்தோவன் மெட்டிலேயே, நான்காம் வரி ஒரு தட்டு முன்னதாகவே தொடங்கிவிடும். மூன்றாம் வரி முடிந்து நாம் மூச்சு எடுப்பதற்குள் க வந்து தோளைத் தொடும். இந்த மெட்டை எடுத்துக்கொண்ட கிறிஸ்தவப் பக்திப்பாடல் தொகுப்புகள் பலவற்றில் அந்த க-வை இழுத்துக் கட்டத்துக்குள் போட்டுவிட்டார்கள். கூட்டமாகப் பாட அதுதான் வசதி. ஆனால் அந்த ஒரு தட்டு போனால் மெட்டின் முகமே போய்விடுகிறது. அதற்காகச் சண்டை போடலாம். ஒரு மெட்டுக்கு ஒரு சண்டை, அதற்கு மேல் வேண்டாம். நான் என் சண்டையை நி-க்காகப் போட்டேன். தொண்டைக்கு எட்டாத இடத்தில் வெறும் பெருமைக்காக வைத்த சுரம் அது. நீங்கள் எந்தச் சுரத்துக்காக மகளோடு மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஏறக்குறைய ஊகிக்க முடிகிறது.

அவள் பாடும் வடிவத்தைச் சுரம் பிரித்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் மூலம் வேண்டாம், பன்னிரண்டில் மீதி பதினொன்றும் வேண்டாம். தாளும் பேனாவுமாக அவள் எதிரே போய் உட்கார்ந்துவிடாதீர்கள், பாடமாட்டாள். அடுத்த அறையில் இருங்கள்.