நல்லெண்ணெய் குடிக்காததாலா இந்தக் குத்து?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 16 வயது. வடமராட்சியில் இருக்கிறேன், இந்தமுறை ஓ.எல். 12 வயதில் பெரியபிள்ளையானேன். முதல் ஒரு வருசம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது மாதாமாதம் இரண்டு நாள் வயிற்றுக்குத்து, நாரி உளைவு, சத்தி. பள்ளிக்கூடம் போக முடிவதில்லை. பனடோலுக்கும் நிற்பதில்லை. “எங்களுக்கும் இருந்ததுதானே, கலியாணம் கட்டினால் சரியாகும்” என்கிறா அம்மா. பெரியபிள்ளையானபோது தந்த நல்லெண்ணெயையும் முட்டையையும் குடிக்காமல் துப்பினதால்தான் என்கிறா அம்மம்மா. உண்மையா?

பெயர் போடவேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

நல்லெண்ணெய் மேல் பழி வேண்டாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தவர்களும் உன்னைப்போலச் சுருண்டு படுத்தவர்கள்தான்.

மாதவிடாயின்போது கருப்பையின் உட்பக்கத்தில் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. அது கருப்பைத் தசையை இறுக்கும், இறுகும் தசைக்கு இரத்தம் குறையும், வலிக்கும். சிலருக்கு அது அதிகம் உண்டாகும், குத்தும் அதிகம். சத்தியும் அதன் வேலைதான். முதல் வருசம் வலிக்காததற்கும் காரணம் உண்டு: தொடக்கத்தில் பலருக்குச் சூலகத்திலிருந்து முட்டை வெளியாகாமலே இரத்தம் போகும். முட்டை ஒழுங்காக வெளியாகத் தொடங்கும்போதுதான் குத்தும் வரும்.

இந்தப் பொருளைத் தடுப்பவை மெஃபனமிக் அசிட், இபுபுரூபன் போன்ற குளிசைகள். பனடோலுக்கு அந்த வலு இல்லை. ஆனால் துடித்துக் களைத்த பிறகு போட்டால் அவையும் அரைகுறையாகத்தான் கேட்கும். இரத்தம் கண்டவுடனேயே, சாப்பிட்டுவிட்டுப் போடவேண்டும். அளவை டொக்டரிடம் கேள். முட்டு வருத்தமோ (ஆஸ்துமா) வயிற்றுப்புண்ணோ இருந்தால் கேட்காமல் தொடாதே. காய்ச்சல் என்றாலும் தொடாதே. மாரியில் எங்கள் பக்கம் டெங்கு. டெங்குவில் இவை இரத்தக்கசிவைக் கூட்டும். சுடுதண்ணிப் போத்தலை வயிற்றில் வைப்பது எந்தக் காலமும் நல்லது.

சரி, கலியாணத்துக்கு வருவோம். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வலி குறைவது உண்மைதான். அதற்காக 16 வயதுப் பிள்ளைக்குப் பத்து வருசம் கழித்துக் கேட்கப்போகும் மருந்தையா எழுதிக் கொடுப்பது? எங்கள் ஊர் விசித்திரம் இது. பெரியபிள்ளையானதை ஹோல் பிடித்து, வீடியோ எடுத்து, ஊருக்கே சாப்பாடு போட்டுச் சொல்வோம். அதே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் அப்பாவுக்குக் கூட “தலையிடி” என்றுதான் சொல்வோம்.

குளிசையை ஒழுங்காகப் போட்டும் மூன்று மாதத்தில் குறையாவிட்டால், மற்ற நாட்களிலும் அடிவயிறு நொந்தால், மலசலம் போகும்போது வலித்தால் எண்டோமெற்றியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் வருத்தம் அது. பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு உண்டு. உன் வயதிலும் வரும். ஸ்கானில் ஒன்றும் தெரியாமலும் இருக்கும், ஆகவே “ஸ்கான் கிளியர்” என்றதோடு விட்டுவிடாதே. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று தாங்கமுடியாமல் குத்திச் சத்தியும் வந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

உனக்கு மந்திகை ஆஸ்பத்திரி கிட்ட. போகமுன் ஒரு கொப்பியில் எழுது: திகதி, எங்கே நோகுது, எத்தனை குளிசை, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. டொக்டருக்கு முன்னால் அம்மா “கொஞ்சம் குத்துதாம்” என்று முடித்துவிடுவா. அப்போது கொப்பியை நீட்டு. பெண்நோய் கிளினிக் என்றதும் உள்ளே கைவைத்துப் பார்ப்பார்களோ என்று பயப்படாதே. உன் வயதில் அநேகமாக வயிற்றுக்கு மேலால் ஸ்கான் பண்ணுவதோடு சரி.

அப்புறம், ஹோர்மோன் குளிசை எழுதித் தரவும் கூடும். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை கலியாணமாகாத பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டில் ஒரு சண்டை வரும். அது வலிக்கும் கொடுக்கிற மருந்துதான், நிறுத்தினால் பிறகு பிள்ளை பிறப்பதைக் கெடுக்காது. அம்மா அதையும் நம்பாவிட்டால் சொல்லு, அவவுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா