சிபிலிஸ்: ஆறிவிட்ட புண்ணும் ஆறாத தொற்றும் – கேள்வி பதில்

தோல் மற்றும் பால்வினை நோய்ச் சிகிச்சையில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில், சிபிலிஸ் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். ஆணுறுப்பில் வலியில்லாத ஒரு புண் வந்தது. மருந்து எதுவும் போடாமலேயே சில வாரங்களில் ஆறிவிட்டது. இனியும் சோதனை தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. சிபிலிஸை உண்டாக்கும் டிரெப்போனிமா பாலிடம் என்ற பாக்டீரியா உடலில் நுழைந்த 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், நுழைந்த இடத்திலேயே இத்தகைய வலியற்ற புண்ணை உண்டாக்குகிறது. சிகிச்சை இல்லாமலேயே அது மூன்று முதல் ஆறு வாரங்களில் ஆறிவிடும். ஆறுவது புண் மட்டுமே. கிருமி இரத்தத்தில் பரவி, சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட அரிப்பில்லாத தடிப்புகளாக வெளிப்படலாம். அவையும் மறைந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்து, சிலருக்கு இதயத்தின் பெருந்தமனியையும் மூளையையும் தாக்குகிறது. புண் தோன்றிய முதல் நாட்களில் வி.டி.ஆர்.எல். என்ற இரத்தச் சோதனை நெகட்டிவ் என்று காட்டக்கூடும் என்பதால், அந்த ஒரு முடிவை வைத்து நிம்மதி அடையாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொதுக் கழிப்பறையிலிருந்து தொற்றுமா, ஐயா?

பதில்: தொற்றாது. உடலுக்கு வெளியே இக்கிருமி வெகுநேரம் பிழைப்பதில்லை.

கேள்வி: ஆணுறை அணிந்தால் முழுப் பாதுகாப்பு உண்டா?

பதில்: பெரும் பாதுகாப்பு உண்டு, முழுமையாக இல்லை. தொற்று புண்ணைத் தொடுவதால் பரவுகிறது. ஆணுறை மூடாத தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ வாயிலோ புண் இருந்தால் அதன் வழியாகவும் தொற்றலாம். வாய்வழி உறவிலும் இது பரவும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆகவே ஒவ்வொரு உறவிலும் ஆணுறை, புண் தென்பட்டால் உறவைத் தவிர்த்தல், புதிய துணையோ ஒன்றுக்கு மேற்பட்ட துணைகளோ உள்ளவர்கள் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை என மூன்றும் சேர்ந்தே தடுப்பாகும். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. சிபிலிஸ் புண் இருக்கும்போது எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடுவதால், இரண்டு சோதனைகளையும் சேர்த்தே செய்துகொள்வது நல்லது.

கேள்வி: நான் நான்கு மாதக் கர்ப்பிணி. சோதனையில் பாசிட்டிவ் என்கிறார்கள். என் கணவர் தனக்கு ஒன்றுமில்லை என்று சோதனைக்கு வர மறுக்கிறார். குழந்தைக்கு என்ன ஆகும், டாக்டர்?

பதில்: அம்மா, முதலில் உங்கள் சிகிச்சையைத் தொடங்குங்கள், அதற்காக யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை பெறாத தாயிடமிருந்து கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடைந்து கருச்சிதைவையோ குழந்தை இறந்து பிறப்பதையோ, பிறந்த குழந்தைக்கு எலும்பு, கல்லீரல், காது, கண் பாதிப்புகளையோ ஏற்படுத்தக்கூடும். நான்காம் மாதத்திலேயே இது தெரிந்துவிட்டதால் இவற்றைத் தடுக்க நமக்குப் போதிய காலம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு உரிய மருந்து பென்சாதின் பென்சிலின் ஊசி மட்டுமே. தொற்று அண்மையில் வந்ததென்று உறுதியானால் 24 லட்சம் யூனிட் ஒரு முறையும், எப்போது வந்ததென்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று முறையும் போடுவது வழக்கம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவமனையில் உடலைச் சிறிது சிறிதாகப் பழக்கி அதே மருந்தைக் கொடுக்க வழி உண்டு.

உங்கள் கணவரிடம், அறிகுறியே இல்லாதவருக்கும் இத்தொற்று இருக்கலாம் என்பதையும், அவருக்குத் தொற்று இருந்து சிகிச்சை பெறாவிட்டால் குணமான உங்களுக்கு அவரிடமிருந்தே மறுபடி வரும் என்பதையும் மருத்துவரே சொல்லட்டும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விசாரணை இப்போது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சண்டையில் ஊசி தள்ளிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தை பிறந்ததும் அதற்கும் பரிசோதனை செய்ய வேண்டும்.

கேள்வி: ஊசி போட்டு ஓராண்டு ஆகிறது. டி.பி.எச்.ஏ. என்ற சிபிலிஸ் இரத்தச் சோதனை இன்னும் பாசிட்டிவ். நோய் குணமாகவில்லையா?

பதில்: அந்தச் சோதனை பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவ் என்றே காட்டும், அதை வைத்துக் குணத்தை அளக்க முடியாது. வி.டி.ஆர்.எல். அளவையே பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு முன் 1:32 என்று இருந்தது 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்தால், அதாவது இரண்டாவது எண் நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ ஆகியிருந்தால், மருந்து வேலை செய்திருக்கிறது. அந்த அளவு மறுபடி நான்கு மடங்கு ஏறினால் புதிய தொற்றாக இருக்கலாம். ஒருமுறை வந்து குணமானது மறுமுறை வராமல் தடுக்காது. உங்கள் பழைய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, முன்பு சோதித்த அதே ஆய்வகத்தில் வி.டி.ஆர்.எல். அளவை எடுத்துப் பாருங்கள்.