அண்ணே, ஒரு சந்தேகம்: வீராவுக்குள் டர்போ

கேள்வி: அண்ணே, என்னிடம் 1995 புரோட்டோன் வீரா 1.5 கார் இருக்கிறது. கார்புரேட்டர், மேனுவல் கியர். தாத்தா வாங்கிய கார், விற்க மனமில்லை. மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் ஹாஃப்கட் (வெட்டி விற்கும் முன்பாதி) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், உள்ளே 4ஜி93 எஞ்சின், காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவுடன். நானும் நண்பனும் வீட்டு போர்ச்சிலேயே மாற்றிவிடலாம் என்று திட்டம். இரண்டு சனி ஞாயிறு போதும் என்கிறான் நண்பன். போதுமா?
– தைப்பிங் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் நண்பர் இதற்கு முன் எஞ்சின் மாற்றியிருக்கிறாரா, இல்லை மாற்றுகிற வீடியோ பார்த்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பழைய எஞ்சினை இறக்க ஒரு நாள், புதியதை உள்ளே உட்கார வைக்க இன்னொரு நாள். அதுவரை அவர் சொல்வது சரி. மிச்ச வேலைக்குத்தான் யாரும் கணக்குச் சொல்வதில்லை. நான் என் வீராவுக்கு இதே எஞ்சினைப் போட்டது 2003-இல், கிள்ளானில் ஒரு வாடகை வீட்டு போர்ச்சில். சீனப் பெருநாள் விடுமுறையில் பொனட்டைக் கழற்றினேன். கார் ரோட்டில் இறங்கியது தீபாவளிக்கு முந்தின வாரம். அப்போது நான் வெர்க்‌ஷாப்பில் எட்டு வருடம் வேலை பார்த்தவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே நேரம் போகிறது என்று சொல்கிறேன். உங்களுடையது கார்புரேட்டர் வண்டி. அதன் பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தம் மூன்று நான்கு பிஎஸ்ஐ. டர்போ எஞ்சினின் இன்ஜெக்டர்களுக்கு 43 பிஎஸ்ஐ அளவில் வேண்டும். எனவே டாங்கியையே இறக்கி, உள்ளே பம்ப் இருக்கும் எம்பிஐ (இன்ஜெக்டர் வைத்த) வீராவின் டாங்கியைப் போட வேண்டும். போகிற குழாய், திரும்பி வருகிற குழாய் இரண்டையும் காரின் அடியில் புதிதாக இழுக்க வேண்டும். ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, அதன் கியர்பாக்ஸ் உங்களுக்கு அப்படியே உதவாது. 1.8 வீரா அல்லது புரோட்டோனின் இன்னொரு காரான சத்ரியா ஜிடிஐ-யின் முன்சக்கர கியர்பாக்ஸைத் தேடுங்கள். எஞ்சின் குடும்பம் ஒன்றுதான், பொருந்தும். மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் அதே வண்டியிலிருந்து எடுத்தால் தலைவலி குறையும்.

அப்புறம் வயரிங். ஹாஃப்கட் வாங்கும்போது கடைக்காரர் வயரை வெட்டித் தருகிறேன் என்றால் விடாதீர்கள். ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) பெட்டியிலிருந்து எஞ்சின் வரை ஒரே துண்டாக வர வேண்டும். ஒவ்வொரு சாக்கெட்டையும் கழற்றும் முன் படம் எடுத்து, மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். நான் தமிழில் எழுதி ஒட்டினேன். ‘ரேடியேட்டர் விசிறி’, ‘இது எது என்று தெரியவில்லை – 1’, ‘இது எது என்று தெரியவில்லை – 2’. இரண்டாவது, ஸ்பீடோமீட்டருடையது என்று செப்டம்பரில்தான் கண்டுபிடித்தேன்.

எஞ்சின் வெளியே கிடக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்கின் முன் சீல், பின் சீல், கிளட்ச் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பெல்ட் பார்க்கப் புதிதாக இருந்தது. எழுத்துகூட அழியவில்லை. காசு மிச்சம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் ஈப்போவுக்குப் போகும் வழியில் தாப்பா தாண்டியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. பெல்ட் அறுந்து, பதினாறு வால்வில் பதினொன்று வளைந்திருந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் டோ லோரியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கியதை என் மாமியார் இன்றைக்கும் தைப்பொங்கல் தவறாமல் நினைவுபடுத்துகிறார்.

முதல் ஸ்டார்ட்டில் அவசரப்படாதீர்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் மட்டும்தான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பையும் எடுத்துவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். பிறகுதான் தீ. டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் நேராகக் கீழே சரிந்து சம்ப்புக்கு, அதாவது எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டிக்குப் போக வேண்டும். அதில் பம்ப் கிடையாது, தானாக வடிவதுதான். குழாய் நடுவில் தொங்கி மேலேறினால் எண்ணெய் தேங்கி, சீல் வழியாகப் புகைபோக்கிக்குள் போய் நீலப் புகை அடிக்கும். டர்போ போய்விட்டது என்று நினைத்துப் புது டர்போ வாங்கியவர்கள் உண்டு.

பிரேக்கையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் 1.5-இன் சக்தி 90 குதிரை அளவு. ஜிஎஸ்ஆர் எஞ்சின் 195. பின்னால் டிரம் பிரேக்கோடு அதை ஓட்டுவதாக இருந்தால் எனக்கு இனிமேல் எழுத வேண்டாம். ஜிடிஐ-யின் நான்கு டிஸ்க் பிரேக்கை எஞ்சினுக்கு முன்பே மாற்றுங்கள். அதை இப்போதே இந்த 1.5-உடன் ஓட்டிப் பழகலாம், கையும் பழகும்.

வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறதா? இல்லாவிட்டால் தொடங்காதீர்கள்.

கேள்வி: எவோ (லான்சர் எவல்யூஷன்) ஹாஃப்கட் விலை படிந்து வருகிறது. எவோ 4. வீராவின் உடம்பு லான்சர் உடம்புதானே, அப்படியே உட்காருமா?
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: உட்காராது. 1992-இல் வந்த எவோ 1 முதல் எவோ 3 வரைதான் வீராவின் அண்ணன் தம்பி. 1996-இல் எவோ 4 வந்தபோது மிட்சுபிஷி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் 180 டிகிரி திருப்பி வைத்துவிட்டது. பெயர் அதே 4ஜி63, ஆனால் இடம் வலம் மாறிவிட்டது. வெட்டி ஒட்டிப் போட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வெல்டிங் மெஷினும் பொழுதும் இருந்தன. உங்களுக்கு எவோ 3 கிடைத்தால் யோசியுங்கள். கிடைத்தாலும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். மூன்று 150 காட்டி ஒன்று மட்டும் 110 காட்டினால், ‘ரொம்ப நாள் நின்ற எஞ்சின் பாஸ், ஓடினால் ஏறிவிடும்’ என்பார் கடைக்காரர். ஏறினால் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் ஐந்து மாதமாக போர்ச்சில் ஒரு காரைப் பிரித்துப் போட்டிருக்கிறான். டர்போ மாட்டப் போகிறானாம். துணி காயப்போடக்கூட இடமில்லை. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிடலாமா?
– ஒரு தாய், பந்திங்

பதில்: அம்மா, கொஞ்சம் பொறுங்கள். முதலில் போய்க் கார் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். செங்கல் என்றால் அல்லது வெறும் ஜாக் என்றால், இன்றைக்கே அவனை வெளியே இழுத்துவிட்டு ஜாக் ஸ்டாண்ட் வாங்கச் சொல்லுங்கள். செங்கல் விரிசல் காட்டிவிட்டு உடையாது, ஒரேயடியாக உடையும். அடுத்து, ரேடியேட்டரிலிருந்து வடித்த பச்சைத் தண்ணீர் பாத்திரத்தில் திறந்து கிடந்தால் மூடி வையுங்கள். அது இனிக்கும், பூனையும் நாயும் குடித்துச் செத்துப்போகும். பிறகு மகனிடம், ‘வயரிங் எங்கே நிற்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் சொன்னால் வேலை நடக்கிறது. தலையைச் சொறிந்தால் நல்ல வயர்மேன் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இரும்புக்காரரை தீபாவளிக்குப் பிறகு கூப்பிடலாம்.

கேள்வி: டர்போ வீரா ஓட்டுகிறேன். மிதிக்காமல் நிற்கும்போது ஐடிலில் எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறது, சில நாள் ஸ்டார்ட்டே ஆவதில்லை. மூன்று சென்சார் மாற்றிவிட்டேன்.
– ஜொகூர் பாரு வாசகர்

பதில்: நான்காவது சென்சார் வாங்கும் முன், ஈசியூ பெட்டியைக் கழற்றி மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோங்கள். மீன் நாற்றம் அடிக்கிறதா? அந்தக் காலத்து மிட்சுபிஷி ஈசியூக்களில் உள்ள கப்பாசிட்டர்கள் வயதாகி ஒழுகும். ஒழுகிய திரவம் பலகையின் செம்புத் தடங்களை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். ஆரம்பத்தில் பார்த்தால் கப்பாசிட்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, புதியது வைத்தால் போதும். ரேடியோ ரிப்பேர் செய்பவரே செய்துவிடுவார், சில வெள்ளிதான் (ரிங்கிட்) சாமான் விலை. தடம் அரித்துப்போயிருந்தால் வேறு ஈசியூ தேட வேண்டும். ஹாஃப்கட் வாங்குபவர்கள் எஞ்சினையே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். இந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

கேள்வி: ரோன்95 பெட்ரோல் ஊற்றலாமா? 97 கட்டுப்படியாகவில்லை.
– குவாந்தான் வாசகர்

பதில்: ஜப்பானியத் தர அளவுப்படி பிரீமியம் பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 96 ஆக்டேன் (நம் ரோன் எண்தான்). பம்பில் விற்பது 100-ஐ ஒட்டியது. உங்கள் டர்போ அந்தப் பெட்ரோலை நம்பி அமைத்தது. ‘ஹை ஆக்டேன் மட்டும்’ என்ற ஸ்டிக்கர் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். மூடி இருப்பது காரின் பின்பாதியில். நாம் வாங்குவது முன்பாதி. ஸ்டிக்கர் ஜப்பானிலேயே தங்கிவிட்டது, அதனால்தான் இந்தக் கேள்வி வருகிறது. 95 ஊற்றி ஏற்றத்தில் மிதித்தால் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டியதுபோல் சத்தம் வரும். அது பிஸ்டன் வாங்கும் அடி. 97 கட்டுப்படியாகாதவருக்கு பிஸ்டன் கட்டுப்படியாகுமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கேள்வி: எஞ்சின் மாற்றியாயிற்று, சாலைத் தடுப்பில் பிடித்துவிட்டார்கள். எஞ்சின் நம்பர் கிராண்ட்டில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். இப்போது என்ன செய்வது?
– செரம்பான் வாசகர்

பதில்: இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறையாவது வருகிறது, எல்லாம் மாற்றிய பிறகே வருகிறது. எஞ்சின் மாற்றுவது குற்றமல்ல. ஜேபிஜே-க்கு (சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு) சொல்லாமல் மாற்றுவதுதான் குற்றம். சரியான முறை தலைகீழ். முதலில் ஜேபிஜே கவுண்டரில் போய், இந்த வண்டிக்கு இந்த எஞ்சின் போடலாமா, என்னென்ன கடிதம் வேண்டும் என்று கேட்க வேண்டும். எஞ்சின் வாங்கும்போது ரசீதும் இறக்குமதிக்கான சுங்கப் பத்திரத்தின் நகலும் கேட்டு வாங்க வேண்டும். பத்திரம் தராத கடையில் எஞ்சின் மலிவாக இருக்கும், ஏன் மலிவு என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். பிறகு பரிசோதனை மையத்தில் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பார்ப்பார்கள். கடன் முடியாத வண்டி என்றால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

உங்களிடம் ரசீது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள். அதுவரை காரை எடுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால், சொல்லாமல் மாற்றிய எஞ்சினைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம்.

ரோட் டேக்ஸ் பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். தீபகற்பத்தில் 1.5 வீராவுக்கு வருடம் 90 வெள்ளி. 1,834 சிசி எஞ்சினுக்கு 297 வெள்ளி. டர்போவுக்கு என்று தனி வரி இல்லை, சிசி-தான் கணக்கு. வித்தியாசம் மாதத்துக்கு 17 வெள்ளி சொச்சம். பெட்ரோல் செலவில் அது தெரியவே தெரியாது.

கேள்வி: கியர் மாற்றும்போது ‘புஷ்ஷ்’ என்று சத்தம் வர வேண்டும். டர்போ காற்றை வெளியே விட எந்த வால்வு நல்லது?
– கூலிம் வாசகர்

பதில்: உங்கள் எஞ்சின் 4ஜி93 டர்போ என்றால், உள்ளே போகும் காற்றை அளந்துதான் ஈசியூ பெட்ரோல் விடுகிறது. அளந்த காற்றை நீங்கள் சத்தத்துக்காக வெளியே விட்டால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் போகும். கறுப்புப் புகை, சில சமயம் சிக்னலில் எஞ்சின் அணைந்துபோகும். கம்பெனி வைத்தபடி காற்று திரும்ப உள்ளேயே போகட்டும். ‘புஷ்ஷ்’ கட்டாயம் வேண்டுமென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு வாயால் செய்துகொள்ளுங்கள். என் சின்ன மகன் அப்படித்தான் செய்கிறான், அவன் ஓட்டுவது மூன்று சக்கர சைக்கிள்.