ஏ-ஐ-ஆர் என்றால் தண்ணீர்: மலாய்ப் பலகைகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: அடுத்த மாதம் மலேசியாவின் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறேன். மலாய் தெரியாது. ஆங்கில எழுத்துதானே, ஊகித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் நமக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களுக்கே அங்கே வேறு பொருள் என்கிறார் நண்பர். தமிழ்ச் சொற்களும் மலாயில் நிறைய உண்டாமே? எதை நம்பலாம், எதில் உஷாராக இருக்க வேண்டும்?

பதில்: நண்பர் சொன்னது சரி. மலாய், ஆஸ்திரோனேசியக் குடும்பத்து மொழி. ஆங்கிலமும் அதற்கு உறவில்லை, தமிழும் உறவில்லை. 26 ரோமன் எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தோடு பங்குபோட்டுக்கொள்கிறது. குட்டிக் குட்டிச் சொற்கள் ஒன்றுபோல வந்து விழுவது வெறும் தற்செயல்.

நீங்கள் முதலில் பார்க்கப்போவது ஏ-ஐ-ஆர். காற்று அல்ல, தண்ணீர். குழாய், பாட்டில், உணவு விலைப்பட்டியல் எல்லாவற்றிலும் இருக்கும். ஜே-ஏ-எம் என்றால் மணி, மணி நேரம். கிளினிக் வாசலில் '24 ஜாம்' என்றிருந்தால் நாள் முழுக்கத் திறந்திருக்கும். நம் ஜாமத்தை நினைத்துக்கொண்டால் மறக்காது. அதற்காக இரண்டும் ஒரே சொல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சாலையில் எச்-ஏ-டி வரும், அது வரம்பு. 'ஹாட் லாஜு' என்றால் வேக வரம்பு. எம்-ஏ-ஐ-என் என்றால் விளையாடு.

தொழிற்சாலையில் கவனிக்க வேண்டியது சி-ஏ-டி. கைப்பிடிக் கம்பியில் 'அவாஸ்! சாட் பாசா' என்று அட்டை தொங்கினால் பூனையைத் தேடாதீர்கள். 'எச்சரிக்கை! ஈரப் பெயின்ட்' என்று பொருள். கை வைத்தால் சட்டை போச்சு.

இந்தக் குழப்பத்துக்கு நான் சொல்லும் மருந்து ஒன்றுதான்: பலகையைக் கண்ணால் படிக்காதீர்கள், மலாய் ஒலியில் வாய்விட்டுப் படியுங்கள். மலாய் கிட்டத்தட்ட எழுதியபடியே படிக்கிற மொழி. ஏ, பி, சி, டி-க்கு அடுத்து வரும் 'இ' எழுத்து மட்டும்தான் இரண்டு விதமாக ஒலித்துப் படுத்தும். சி எப்போதும் 'பச்சை'யில் வரும் ச். அப்படிப் படித்தால் ஏ-ஐ-ஆர் 'ஆயெர்' ஆகிறது, சி-ஏ-டி 'சாட்' ஆகிறது, எம்-ஏ-ஐ-என் 'மாயின்' ஆகிறது. ஆங்கிலச் சாயல் பாதி அங்கேயே கழன்றுவிடும். 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துமுறையைத் திருத்தி ஒன்றுபடுத்தின. ஊர்ப் பெயர்களில் பழைய எழுத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பினாங்கிலேயே 'ஆயர் ஈத்தாம்' என்ற இடத்தை ஏ-ஒய்-இ-ஆர் என்றும் எழுதியிருப்பார்கள். கறுப்புத் தண்ணீர் என்று பொருள்.

தமிழ்க் காதுக்கு வரும் சிக்கல் வேறு வகை. இங்கே ஒலிதான் ஏமாற்றும். 'இத்து' என்றால் அது. நமக்கு 'இது' என்று கேட்கும். 'இனி' என்றால் இது. கடையில் கைகாட்டிப் பேசும்போது இரண்டும் சேர்ந்து நன்றாகக் குழப்பும். 'மாலாம்' என்றால் இரவு. இரவுச் சந்தைக்குப் பெயர் பாசார் மாலாம். முதல் வாரம் சிரிப்பு வரும், அப்புறம் பழகிவிடும். வீட்டில் உங்களை பாபி என்று கூப்பிடுவார்கள் என்றால், அங்கே முழுப் பெயரையே சொல்லுங்கள். மலாயில் அது பன்றி, வசவாகவும் பயன்படும்.

சரி, உண்மையான கடன் சொற்கள்? நிறைய உண்டு. கப்பல் அங்கே 'காப்பால்', கடை 'கெடாய்', கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி'. குளிர்சாதனப் பெட்டி 'பெத்தி செஜுக்', அதாவது குளிர்ப் பெட்டி. இவற்றைத் தைரியமாக நம்பலாம். சமஸ்கிருதம் வழியாக இரு பக்கமும் போன சொற்களில்தான் பொருள் நழுவும். படிவத்தில் 'நாமா சுவாமி' என்றிருந்தால் கணவர் பெயரைக் கேட்கிறார்கள். கழிப்பறைக் கதவில் 'வனிதா' என்றால் பெண்களுக்கு. டி-ஓ-எஸ்-ஏ என்றால் பாவ புண்ணியத்தில் வரும் பாவம்! நம் தோசையை அங்கே டி-யில் தொடங்கி எழுதமாட்டார்கள். உச்சரிப்பையொட்டி 'தோசை' என்றே வரும்படி எழுதுவார்கள்.

எது கடன், எது தற்செயல் என்று பிரிக்க ஒரு கைக்கணக்கு: சொல் கொஞ்சம் நீளமாக இருந்து பொருளும் பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் கடன். மூன்றெழுத்துச் சொல்லாக இருந்து பொருள் எங்கோ இருந்தால் தற்செயல். தவறும் இடங்கள் உண்டு, ஆனால் பலகை படிக்க இது போதும்.

பாதுகாப்புச் சொற்களில் மட்டும் ஊகமே வேண்டாம், மனப்பாடம் செய்துவிடுங்கள்: அவாஸ் (எச்சரிக்கை), பஹாயா (அபாயம்), டிலாராங் (தடை), கெசெமாசான் (அவசரநிலை), கெலுவார் (வெளியே). 'பொம்பா' என்று பார்த்தால் வெடிகுண்டு என்று பதறாதீர்கள், அது தீயணைப்புத் துறை. மொழிபெயர்ப்புச் செயலியில் மூல மொழியை நீங்களே 'மலாய்' என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஒற்றைச் சொல் பலகையைத் தானாகக் கண்டுபிடிக்க விட்டால், அதுவும் சி-ஏ-டியைப் பூனை என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

விடுமுறைக்கு எதிர்க்கரையில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போனால் இன்னொன்று: மலேசியாவில் 'பெர்சுமா' என்றால் இலவசம், இந்தோனேசியாவில் அதே சொல்லுக்கு வீண் என்று பொருள். அங்கே இலவசத்துக்கு 'கிராத்திஸ்' என்று கேளுங்கள்.