நூறு வருஷத்துக்கு முன்னால் வடசென்னையில் பொழுதுபோக்கு, கடை கண்ணி என்று ஏதாவது இருந்ததா?

"ஏதாவது இருந்ததா" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் வேலைக்காகச் சென்னை வந்து வேளச்சேரி பக்கமோ ஓஎம்ஆர் பக்கமோ குடியிருப்பவர் என்று நினைக்கிறேன். வடசென்னை என்றாலே கத்தி, கஞ்சா, கன்டெய்னர் லாரி என்றுதான் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். உங்கள்மேல் கோபமில்லை. ஆனால் ஒரு காலத்தில் இந்த ஊரில் கூத்தும் பாட்டும் பார்க்க வேண்டுமானால் ஜனங்கள் எங்கள் பக்கம்தான் வருவார்கள்.

வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடை தியேட்டர் இருந்தது. சிறுவர்களை நடிக்க வைத்த பாய்ஸ் கம்பெனிகள் அங்கே நாடகம் போட்டன. ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விடியற்காலையில்தான் வீடு திரும்புவார்கள். மைக் கிடையாது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். நாடக நடிகர் கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் பாடிப் பேர் வாங்கிய காலம் அது.

பிறகு சினிமா. தென்னிந்திய சினிமாவின் முன்னோடி ரகுபதி வெங்கையா 1914இல் மவுண்ட் ரோடு பக்கம் கெயிட்டி கட்டினார். அடுத்து அவர் கட்டிய கிரவுன் எங்கள் தங்கசாலையில், குளோப் புரசைவாக்கத்தில். குளோப்தான் பின்னால் ராக்ஸி ஆனது. ஊமைப்படம் என்பதால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, தெருத்தெருவாக நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள்.

என் தாத்தா பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். கொட்டாய் வாசல்களில் பாட்டுப் புத்தகம் விற்றார். மலிவுப் புத்தகம் விற்ற குஜிலி பஜாரில் மொத்தமாக வாங்கி வந்து தோளில் பையை மாட்டிக்கொண்டு நிற்பாராம். நாடகப் பாட்டு, நடந்த சம்பவத்தைப் பாட்டாகச் சொல்லும் கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து என்று எல்லாம் காலணா, அரையணா சரக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாங்குவார்கள், வீட்டில் யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று.

1931 அக்டோபர் 31. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று நாங்கள் சொன்ன அதே கொட்டாய்தான். பம்பாயிலிருந்து ரயிலில் வந்த படப்பெட்டியை வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். பூ தூவி, தேங்காய் உடைத்து, ஊதுவத்தி ஏற்றி. இது சினிமா வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்த விஷயம், என் தாத்தா கட்டிய கதை இல்லை. அவர் அந்தக் கூட்டத்தில் நடந்தவர். "பொட்டிக்குள்ள என்னா கீதுன்னு எவனும் பாக்கலடா. ஆனா சாமி ஊர்கோலம் மாதிரி ஜனம் பின்னாடியே வந்துச்சு" என்பார். அந்தப் படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி பேரைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

"தங்கசாலையும் வால்டாக்ஸ் ரோடும் ஜார்ஜ் டவுன் ஆச்சே, அது எப்படி வடசென்னை?" என்று யாராவது வருவார்கள். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் இருந்தவர்களுக்கு அது நடந்துபோகிற தூரம் ஐயா. நான் ஆராய்ச்சியாளன் இல்லை. வீட்டில் கேட்டதையும் புத்தகத்தில் படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

கடைகளா? காய்கறிக்குக் கொத்தவால் சாவடி, மற்ற எல்லாவற்றுக்கும் 1900 வாக்கில் கட்டிய மூர் மார்க்கெட். விறகு பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் வந்து இறங்கும், அதை விற்கும் இடத்துக்குப் பேர் விறகுத் தொட்டி. மின்சார டிராம் 1895லேயே சென்னையில் ஓடியது. வைத்தியத்துக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தை ஒட்டி வளர்ந்தது. இன்றைக்கு அதுதான் ஸ்டான்லி.

தாத்தா விற்காமல் மீந்த புத்தகங்கள் ஒரு கட்டு எங்களிடம் இருந்தது. காபிப்பொடி நிறத்துக்குப் போன மட்டக் காகிதம், ஓரத்தைத் தொட்டால் உதிரும். நடுவில் அடித்த கம்பி துருப்பிடித்து எழுத்தையே தின்றிருக்கும். அட்டையில் கையில் பூவோடு ஒரு பெண் படம். வள்ளி நாடகத்துக்கும் அதே அச்சுக்கட்டைதான், அல்லி நாடகத்துக்கும் அதே கட்டைதான்.

சினிமா ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒருவர் வீடு தேடி வந்தார். என் அம்மா காபி போட்டுக் கொடுத்து, அந்தப் புத்தகக் கட்டையும் கொடுத்தார். "ஒரு வாரத்தில் தந்துவிடுகிறேன் அம்மா" என்றவர் அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. பிற்பாடு ஒரு கண்காட்சியில் அதே புத்தகங்களைத் தன் சேகரிப்பு என்று எழுதி வைத்திருந்தார். பின்னட்டையில் தாத்தா பென்சிலால் போட்ட கணக்கு அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "உங்க வீட்ல இருந்தா செல்லரிச்சிருக்கும்" என்றார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எதையும் காப்பாற்றத் தெரியாது என்ற எண்ணம்தானே இது? அத்தனை வருஷம் அரிக்காமல் வைத்திருந்தது யார்?

உங்களுக்குத் தெரிந்த பழைய வீடுகளில் இப்படிப் பாட்டுப் புத்தகமோ நாடக நோட்டீஸோ இருந்தால் தனி ஆள் யாரிடமும் கொடுக்கச் சொல்லாதீர்கள். தரமணியில் பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பாதுகாக்கும் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய், கொடுத்தவர் பேரையும் எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கச் சொல்லுங்கள்.