எந்த முகத்தோடு அவரைச் சந்திப்பேன்?

கேள்வி: எனக்கு 52 வயதாகிறது. சிறுவயது முதல் ஆலயத்துக்குப் போகிறவன். கோபம்தான் என் பாவம். படுக்கையில் இருக்கும் என் தாயார் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், நான்கு மாதங்களுக்கு முன்பு கையிலிருந்த காபி டம்ளரைச் சுவரில் வீசினேன். அழுது ஜெபித்தேன், இரண்டே வாரத்தில் மறுபடியும் கத்தினேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், பங்குபெறக் கூடாதென்று அஞ்சி, அன்றுமுதல் ஆலயத்தில் அப்பமும் பாத்திரமும் பகிரும் திருவிருந்துக்கும் போவதில்லை. மேசியாவாகிய இயேசுவை முகமுகமாய்க் காணும் நாளுக்காக ஏங்கியவன் நான். இப்போது அவருடைய வருகையைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டாலே நடுங்குகிறேன். எந்த முகத்தோடு அவரைச் சந்திப்பேன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சகோதரரே, உங்கள் கோபத்தைவிட, நீங்கள் திருவிருந்தை விட்டு விலகி நிற்பதே எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். 'அபாத்திரமாய்' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, நம் சபைகளில் எத்தனையோ பேர் பெஞ்சிலேயே தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கொரிந்து சபையில் ஏழைகள் பசியோடிருக்க, தாங்கள் முந்திச் சாப்பிட்டவர்களையே, அந்தச் சொல் வரும் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் கண்டிக்கிறார். தொடர்ந்து, "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்கிறார் (1 கொரிந்தியர் 11:28). சோதித்துப் பார்த்தபின் விலகிப் போ என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்வியை இயேசுவின் சீஷனான பேதுருவும் கேட்டிருப்பார். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது, அவர் ஆண்டவரை மறுதலித்தார். திபேரியா கடற்கரையில் உயிர்த்தெழுந்த இயேசு அவருக்காகக் காத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் இவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அந்தப் புகை மூக்கில் ஏறியபோது பேதுருவின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆயினும் நெருப்பின்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது, முதலில் சாப்பிடச் சொன்ன பிறகே, "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டார். அந்தக் கேள்வி பேதுருவைத் துக்கப்படுத்தியது உண்மை. அவர் செய்ததை ஆண்டவர் மூடி மறைக்கவில்லை. அதே சமயம், அவரைத் தள்ளிவிடவும் இல்லை.

அதன்பின் பேதுரு விழவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். விழுந்தார். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார் (கலாத்தியர் 2:12). முற்றத்தில் அவரைக் கவிழ்த்த அதே மனுஷ பயம் பல வருடம் கழித்தும் அவரைக் கவிழ்த்தது. பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். இப்படிப்பட்டவர்தான், "இயேசுகிறிஸ்து வெளிப்படும்போது உங்களுக்கு அளிக்கப்படுங் கிருபையின்மேல் பூரண நம்பிக்கையுள்ளவர்களாயிருங்கள்" என்று எழுதினார் (1 பேதுரு 1:13). அவர் வெளிப்படும் நாளிலும் நமக்கு அளிக்கப்படப் போவது கிருபையே. இந்த வசனத்தை நான் அண்மையில் மிகவும் பற்றிக்கொண்டிருக்கிறேன், நானும் முன்கோபிதான்.

இதைச் சொல்வதால் உங்கள் பாவத்தைச் சிறிதாக்குகிறேன் என்று எண்ண வேண்டாம். டம்ளர் சுவரில் பட்ட சத்தத்தைக் கேட்டு நடுங்கியவர், எழுந்து ஓடவும் முடியாத ஒரு தாய். நீங்கள் கர்த்தரிடம் அழுது மன்னிப்புக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டதாக எழுதவில்லை. அவர்கள் அதை மறந்திருந்தாலும் கேளுங்கள். உங்கள் போதகரிடமும் இதை மனந்திறந்து சொல்லுங்கள். "குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு எழுதியது நம்மைக் குணமாக்கத்தான்.

இன்னொன்று. இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைப் பார்க்கிறவனுக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும். சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும், தழலில் சுட்ட அடையும், தண்ணீரும்தான். உடன்பிறந்தவர்களிடம் வாரத்தில் இரண்டு இரவாவது அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்றைக்கே அம்மாவின் கட்டிலண்டை உட்கார்ந்து, அந்த ஒரே கேள்விக்கு இன்னொரு முறை பதில் சொல்லுங்கள். அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சிலிருந்து எழுந்து முன்னே போய் முழங்கால்படியிட்டுக் கைநீட்டுங்கள்.